காயக்கூடாத ஓடம்

பழைய ஓடம் ஒன்று மண்ணுக்குள் அகப்பட்டால், அதை வைத்தே அந்தக் காலத்து ஜனங்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று சொல்லிவிடலாமாம். படித்தவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். நானே கொஞ்சம் சொல்வேன். அப்படி ஒரு ஓடத்தின் மேல் பகல் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஆனால் அதைத் தோண்டி எடுத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று இதுவரை எவனும் கேட்டதில்லை. கேட்காவிட்டால் போகட்டும். எனக்கு வாய் இருக்கிறது.

எங்கள் தோட்டம் மலாயாவில், கெலாங் பாத்தா என்கிற ஊரைத் தாண்டி, ஆறு கடலில் போய் விழுகிற பக்கம் இருந்தது. மேட்டில் ரப்பர் மரம், பள்ளத்தில் சதுப்பு. ரப்பர் விலை தரையில் கிடந்த காலம் அது. கப்பல் கப்பலாக ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எடுக்கும்போது ஒருவன் பெயரைக் கூப்பிடவில்லை என்றால், அவன் பெயரை வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். மிச்சம் இருந்த எங்களைச் சும்மா வைக்கக்கூடாது என்று, சதுப்பில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டச் சொன்னார் துரை.

ஆண்கள் இடுப்பளவு சேற்றில் நின்று வெட்டிக்கொண்டிருந்தபோது மண்வெட்டி எதிலோ போய் முட்டியது. வேர் என்று நினைத்து இழுத்தார்கள். வரவில்லை. சேற்றைக் கையால் அள்ளிப் போட்டால், கரியைப் போலக் கறுத்த ஒரு மரம், உள்ளே குடைந்து, ரெண்டு ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. "பொணப் பெட்டிடா!" என்று ஒருவன் கத்தியதும் எல்லாரும் கரை ஏறிவிட்டார்கள். எங்கள் கங்காணி ஓடிப் போய்க் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார். முனியாண்டியின் வாகனம் என்று முடிவு செய்து, தொப்பை சேற்றில் பட நெடுஞ்சாண் கிடையாக விழுந்து கும்பிட்டார். துரை வந்து, அது மனிதர்கள் செய்த ஓடம், ஒரே மரத்தைக் குடைந்து செய்தது, மிகமிகப் பழசு என்று சொன்னதும், கங்காணிக்கு முனி மறந்துபோய்விட்டது. முழங்காலில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். என்னத்தைச் சொன்னாரோ.

துரை தன் கைக்குட்டையை எடுத்து அந்த மரத்தின் மேலிருந்த சேற்றைத் துடைத்ததை நான் பார்த்தேன். தடவித் தடவித் துடைத்தார். எங்களில் ஒருத்தன் தோளில்கூட அந்தக் கை பட்டதில்லை. பட்டால் அடியாகத்தான் படும்.

சிங்கப்பூரில் இந்த மாதிரிப் பழைய சாமான்களைச் சேர்த்து வைக்கிற இடத்தில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். அவருக்குத் தந்தி போயிற்று. பதிலும் வந்தது. அதைப் பெரட்டுக்களத்தில் எங்களுக்குத் தமிழில் சொன்னவர் தோட்டத்து டிரெசர். மருந்து கொடுப்பதும் அவர்தான், துரையின் இங்கிலீஷைத் தமிழாக்குவதும் அவர்தான்.

"ஓடம் காயக்கூடாது. இத்தன காலம் தண்ணிக்குள்ளயே கெடந்த மரம். காஞ்சா சுருங்கி வெடிச்சிரும். சிங்கப்பூர் தொர வர்ற வரைக்கும் ஈரச் சாக்குப் போத்தி, ஒரு ஆளு பக்கத்துலயே ஒக்காந்து தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும்."

அந்த ஆள் நான் ஆனேன். போன மாதந்தான் எனக்கு வயிற்றில் இருந்தது கலைந்திருந்தது. ரப்பர்க் காட்டுக்குள் புல் வெட்ட நின்றால் தலை சுற்றி விழுந்துவிடுவேன். உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான் என்று கங்காணி என் தலையில் கட்டினார். மற்றப் பெண்கள் வயிறு எரிந்தார்கள்.

"ஒக்காந்து தண்ணி ஊத்தற உத்தியோகம்! மகராசி, யோகத்தப் பாரு!"

"பொறாமப்படாதீங்கடி, நாளைக்கு ஓடத்துல ஏறி ஊருக்கே போயிருவேன்," என்று நானும் சிரித்தேன்.

ஓடத்தைப் புகைக்கொட்டாய்க்குப் பக்கத்தில் கூரை இறக்கியிருந்த சார்ப்பில் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். புகைக்கொட்டாய் என் வீட்டுக்காரரின் ராஜ்யம். ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, ஈரம் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டுப் புகை போட்டுக் காயவைப்பார்கள். புகை சரியாகப் படாத ரப்பரில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் துரை கையால் அடி விழும். என் வீட்டுக்காரர் கையில் ஒரு துண்டுகூடப் பூஞ்சை பிடித்ததில்லை. அந்த மனுஷனுக்குத் தலையிலும் புகை நாற்றம், வேட்டியிலும் புகை நாற்றம். பெருமையோ பெருமை.

இனி ஓடத்தைச் சொல்கிறேன். வேலை இல்லாத கண்ணுக்கு எல்லாம் தெரியும். தண்ணீர் ஊற்றி ஊற்றி, அந்த மரத்தில் எனக்குத் தெரியாத இடமே இல்லாமல் போயிற்று. தொட்டால் சோப்பு மாதிரி வழவழவென்று நகம் இறங்கும். உள்பக்கம் முழுக்கக் கரிந்திருந்தது. அந்தக் கரியின் மேல் சின்னச் சின்னதாய்ச் செதுக்கிய தடம், பிறை பிறையாக. நடுவில் நீளமாக ஒரு விரிசல். அதன் இரண்டு பக்கமும் துளை போட்டு, ஏதோ கறுப்பு நாரால் தைத்திருந்தார்கள். கிழிந்த சேலையைத் தைக்கிற மாதிரியே ஒன்றுவிட்டு ஒன்று. ஒரு தையலின் மேல் இன்னொரு தையல். அறுந்துபோக, மறுபடி தைத்திருக்கிறார்கள். இடுக்கில் சிப்பி ஓடு ஒட்டிக்கிடந்தது. பின்பக்கத்தில் களிமண்ணைப் பூசி, அது சுட்டுச் சிவந்திருந்தது. அது அடுப்பு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆற்று முகத்தில் ரப்பர்ப் பெட்டி ஏற்றுகிற துறைக்குப் போனால், படகிலேயே பிறந்து படகிலேயே சாகிற கடல் ஜனங்களைப் பார்க்கலாம். புருஷன் முன்னால் துடுப்புப் போடுவான், பெண்சாதி பின்னால் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள், நடுவில் நாய் படுத்திருக்கும். இந்த ஓடமும் ஒரு குடும்பத்தின் வீடுதான்.

அடுப்புக்குப் பக்கத்தில் மரம் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்து, ஒரு பள்ளம் இருந்தது. அதை ஒட்டி இன்னொரு பள்ளம், மிகச் சிறியது. என் மகளைத் தூக்கி அதில் உட்கார வைத்துப் பார்த்தேன். அவளுக்கு அப்போதுதான் பேச்சு வந்திருந்தது. அளவெடுத்தது போலப் பொருந்தி உட்கார்ந்துகொண்டு, "போ, போ" என்று ஓடத்தை விரட்டினாள். கங்காணி பார்த்துவிட்டு, "தொரைக்கித் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரு" என்று கத்தினார். இறக்கிவிட்டேன்.

அதற்கு ரெண்டு மூன்று நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நாங்கள் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவோம். அந்த ஆயா என் மகளைத் தூக்கிக்கொண்டு சார்ப்புக்கே வந்தாள்.

"ஒடம்பு அனலாக் கொதிக்குது. அங்க வச்சா மத்ததுக்கும் ஒட்டிக்கும். ஒன் புள்ளய நீயே வச்சிக்கம்மா."

கங்காணியிடம் போய் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "தண்ணி யாரு ஊத்துவா?" என்றார். "யாரையாச்சும் மாத்தி விடுங்க" என்றேன். அந்த மனுஷன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஓடம் காஞ்சா வெடிச்சிரும். ஒம் புள்ள வெடிச்சிருமா?"

இந்த வார்த்தையை நான் இட்டுக்கட்டவில்லை. அவர் சொன்னது சொன்னபடி. சொல்லிவிட்டு, தான் சொன்னது நன்றாக இருக்கிறது என்று அவரே சிரித்துக்கொண்டார்.

பிள்ளையை ஓடத்துக்குப் பக்கத்தில் கந்தலை விரித்துப் படுக்கவைத்தேன். ஒரு கொட்டாங்கச்சித் தண்ணீர் மரத்துக்கு, ஒரு கை தண்ணீர் அவள் நெற்றிக்கு. ஓடத்தின் மேல் கிடந்த ஈரச் சாக்குகளில் ஒன்றை எடுத்து அவள் மேல் போர்த்தினேன். கொஞ்சம் கண் அசந்தாள். கங்காணி சுற்றி வந்தபோது அதைப் பார்த்துவிட்டார். குனிந்து, அவள் மேலிருந்து சாக்கை உருவி, ஓடத்தின் மேல் சரியாக இழுத்துப் போர்த்தி, சுருக்கம் இல்லாமல் நீவியும் விட்டுப் போனார். பிள்ளை திடுக்கிட்டு அழுதது. பாவி.

டிரெசர் வந்து பார்த்தார். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மருந்து கொடுத்தார். மறுநாள் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ஏங்கிட்ட இருக்கிற மருந்துக்கு அடங்காதும்மா. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டா பொழைச்சுக்கும்."

டவுன் என்றால் ஜொகூர் பாரு. தோட்டத்தில் இருந்தது ஒரே லாரி. துரை கொடுக்கிற சீட்டு இல்லாமல் நடந்து போனால் ஓடிப்போனவர்கள் என்று பெயரை வெட்டுவார்கள். அதையும் துணிந்து போகலாம் என்று கிளம்பினோம். அந்த வெயிலில் பிள்ளையின் காய்ச்சல் உடம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பாதி வழி தாங்காது என்று டிரெசரே தடுத்துவிட்டார். லாரியோ, ரெண்டு நாள் கழித்து விடியக்காலையில் சிங்கப்பூர் துரையை அழைத்துவர ஜொகூர் பாருவுக்குப் போகிறது. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு கங்காணியின் காலில் விழுந்தேன்.

"சரி, சரி. ஏத்தி விடுறேன். ஆனா அதுவரைக்கும் ஓடத்துக்கு ஒரு கொறையும் வரக்கூடாது. வந்தா, லாரியும் இல்ல ஒண்ணும் இல்ல. புரியுதா?"

புரிந்தது. அந்த மரம் நன்றாக இருந்தால் என் பிள்ளைக்கு லாரியில் இடம். அதற்குப் பிறகு நான் ஊற்றிய தண்ணீர் கொஞ்சநஞ்சம் இல்லை. என் உள்ளங்கை ஊறி, தோல் வெளுத்து, பிணத்தின் கை போல ஆயிற்று.

லாரி கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், சாக்கைத் தூக்கினால், ஓடத்தின் மேல் வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை.  சுற்றி வந்த கங்காணி அதைப் பார்த்து முகம் வெளிறிப்போனார். ரப்பர்த் தோட்டத்தில் பிழைப்பவனுக்குப் பூஞ்சையைப் பார்த்தால் பாம்பைப் பார்த்த மாதிரி. துரையின் பிரம்பு ஞாபகத்துக்கு வந்திருக்கும்.

"நாளைக்கி சிங்கப்பூர் தொர வர்றப்ப இத இப்பிடியா காட்டறது? எங் கதை முடிஞ்சிது!"

என் வீட்டுக்காரர் புகைக்கொட்டாயிலிருந்து வந்து, விரலால் பூஞ்சையை வழித்துப் பார்த்தார். மூக்கில் வைத்து மோந்தார். "இதுக்கா பயப்படறீங்க? ஒரு ராத்திரி புகை போட்டா ஓடிப்போயிரும். ஆயிரம் ரப்பர் ஷீட்டுல பாத்திருக்கேன். அதுக்கப்புறம் தண்ணி ஊத்தற வேலையே இல்ல. ரப்பரே புகை பட்டா வருசக்கணக்கா நிக்குது, மரம் நிக்காதா?" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார். "தண்ணி ஊத்தற வேலை இல்லன்னா, நீ நாளைக்கிப் புள்ளயோட லாரியில போயிரலாம். ஒன்னைத் தடுக்க ஒரு சாக்குப்போக்கும் இருக்காது."

காயக்கூடாது என்று தந்தியில் சொன்னது என் காதிலும் விழுந்ததுதான். கங்காணி காதிலும் விழுந்ததுதான். ஆனால் எங்களுக்குத் தெரிந்த உலகத்தில் ஈரம் என்றால் கேடு, புகை என்றால் காப்பு. அதை வைத்துத்தானே சோறு தின்றோம்? வேறு எவனாக இருந்தாலும் அந்த ஓடத்தைக் கொண்டுபோய்ப் புகைக்கொட்டாய்க்குள் வைத்திருக்கமாட்டான். நாங்கள் வைத்தோம். நாலு பேர் தூக்கி வைத்தார்கள், பூப்போல வைத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் சொல்லமாட்டேன். என் பிள்ளையின் மூச்சு வாங்குகிறது, மரமாவது மண்ணாவது!

விடியற்காலையில் முகம் கழுவி, மகளைச் சேலையால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு லாரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தேன். லாரிக்காரர் மலாய்க்காரர். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காசியான், காசியான்" என்றார். பாவம் என்று அர்த்தம். சாக்கு மடித்துப் போட்டு, ஆடாமல் உட்கார இடம் பண்ணிக் கொடுத்தார். எஞ்சினைக் கிளப்பினார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் புகைக்கொட்டாய்க் கதவைத் திறந்தார். கங்காணி அலறியது எனக்கு லாரியில் கேட்டது.

ஓடம் தலையிலிருந்து வால்வரை பிளந்து கிடந்தது. முறுக்கிக்கொண்டு, ஓரமெல்லாம் அப்பளம் போலச் சுருண்டு, துண்டு துண்டாய் விட்டுப்போயிருந்தது. பூஞ்சை போயிருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. துரை தூங்குகிற கைலியைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்தார். உள்ளே பார்த்தார். எவன் என்று கேட்டார். கங்காணி என் வீட்டுக்காரரைக் கை காட்டினார். துரை என் வீட்டுக்காரரை அடித்த அடி ஒவ்வொன்றும் லாரிவரை கேட்டது.  நான் லாரியில் இருப்பது தெரியக்கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டே அடி வாங்கினார்.

ஆனால் கங்காணிக்குத் தான் தப்ப இன்னொரு ஆள் தேவைப்பட்டது. தென்னைமரத்தில் தேள் கொட்டினால் பனைமரத்தில் நெறி கட்டும் என்பார்களே. நேரே லாரிக்கு வந்தார்.

"ஓடத்த ஒடச்சிட்டு ஒனக்கு லாரியில ஊர்கோலமா? எறங்குடி கீழ!"

"கங்காணியாரே, புள்ளயப் பாருங்க. நான் எறங்கறேன், இது மட்டும் போகட்டும்."

"எறங்குன்னா எறங்கு!"

கையைப் பிடித்து இழுத்த இழுப்பில், பிள்ளையோடு மண்ணில் முழங்கால் குத்தி விழுந்தேன். லாரிக்காரர் துரையைப் பார்த்தார். துரை போ என்று கையை வீசினார். லாரி போயிற்று. வெறும் லாரி. பின்பக்கத்துப் பலகை டக்டக்கென்று அடித்துக்கொண்டே போனது, ரோடு திரும்புகிறவரை கேட்டது.

எனக்கு என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? உடைந்த துண்டுகளின் மேல் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் சிங்கப்பூர் துரை வந்து சேர்ந்தார். ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். கத்தவில்லை, திட்டவில்லை. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பாய் மேல் ஒழுங்காக வைத்தார். கிழிந்த துணியை ஒட்டுப் போடுகிறவர் மாதிரி. பிறகு எங்கள் துரையிடம் பேசினார். டிரெசர் அதை எங்களுக்கும் சொன்னார். யாரும் சொல்லச் சொல்லவில்லை, பழக்கம்.

"ஓடம் செஞ்சவங்களுக்கு இரும்பு கெடையாதாம். மரத்துக்குள்ள நெருப்பு வச்சு, கரிஞ்சத கல்லால செதுக்கியிருக்காங்களாம். ஓரம் எரிஞ்சிரக் கூடாதுன்னு ஒரு ஆளு பக்கத்துலயே ஒக்காந்து தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணுமாம்."

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா? வந்தது.

"இந்தத் தையலப் பாருங்க. திரும்பத் திரும்பத் தைச்சிருக்காங்க. புதுசா ஒண்ணு செய்யறது லேசு இல்ல. இருக்கறதத் தூக்கிப் போட மாட்டாங்க. இதுல சமைச்சிருக்காங்க, தூங்கியிருக்காங்க. சிப்பி தின்னிருக்காங்க."

சிங்கப்பூர் துரை அந்தச் சின்னப் பள்ளம் இருந்த துண்டை எடுத்தார். அது மட்டும் ஒரு பலகை அகலத்துக்கு உடையாமல் இருந்தது. கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவினார். கண்ணாடியைக் கழற்றினார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் கண் கலங்கிவிட்டது.

"இங்க ஒரு புள்ள ஒக்காந்திருக்கும்கறாரு. இந்தப் பக்கம் தாய். அடுப்பப் பாத்துக்கிட்டே, கை நீட்டினா புள்ளயத் தொட்டுக்கலாம்."

எல்லாரும் 'உச்' கொட்டினார்கள். கங்காணிகூட உச் கொட்டினார். என்றைக்கோ செத்து மண்ணாகிப்போன பிள்ளைக்கு! என் பிள்ளை என் மடியில் கிடந்து முனகியது. சத்தம் கேட்டு எங்கள் துரை முகத்தைச் சுளித்தார்.

நான் எழுந்து டிரெசரிடம் போனேன். "ஐயா, அந்தத் தொரகிட்டச் சொல்லுங்க. லாரி நிக்குது. இப்பப் போனாலும் போயிரலாம். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

டிரெசர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சிங்கப்பூர் துரை திரும்பி என் மகளைப் பார்த்தார். அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டார். எங்கள் துரையிடம் என்னமோ கேட்டார், அவர் என்னமோ சொன்னார். நாளைக்குத் துண்டுகளைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோகும்போது பிள்ளையையும் லாரியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நாளைக்கு. சிங்கப்பூர் துரை என்னைப் பார்த்து அன்பாகத் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி மரத்தின் பக்கம் குனிந்தார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்நேரம் அவரை மறந்திருப்பேன்.

விடிந்து கோழி இறங்குகிற நேரத்தில் என் மகள் போய்விட்டாள்.

சின்னப் பிள்ளையை எங்களில் எரிப்பதில்லை, புதைப்பதுதான். தோட்டத்தில் சின்னப் பிள்ளை செத்தால், ரப்பர் அடைக்கிற பலகைப் பெட்டி ஒன்றைக் கொடுப்பது வழக்கம். என் வீட்டுக்காரர் வீங்கின முகத்தோடு போய்க் கேட்டார். நானும் பின்னால் நின்றேன்.

"பெட்டி எல்லாம் ஓடத்துக்குப் போயிருச்சு," என்றார் கங்காணி. "சாக்கு வேணா தாரேன்."

தந்தார். அதே சாக்கு. அவள் மேலிருந்து உருவினாரே, அதே ஈரச் சாக்கு.

அப்போது எனக்கு உள்ளே ஏதோ தெளிந்தது. அழுகை நின்றது. துரைமார் பங்களாவில் தின்றுகொண்டிருந்தார்கள். சார்ப்பில் பெட்டிகள் ஆணி அடிக்காமல் திறந்து கிடந்தன. நான் ஊற்றி ஊற்றிப் பழகிய மரம், எது எங்கே என்று தேட வேண்டியதில்லை. அந்தப் பள்ளம் இருந்த துண்டை எடுத்து, சேலைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். பிள்ளைக்கு வெட்டியிருந்த குழிக்குள் ஊற்றுத் தண்ணீர் கசிந்தது. வெறும் சேற்றிலா என் பிள்ளையைப் போடுவேன்? மரத்தைக் கீழே வைத்து, பள்ளத்தில் அவளைக் கால் மடக்கிக் கிடத்தினேன். அளவு சரியாக இருக்கும் என்றுதான் முன்னமே எனக்குத் தெரியுமே. என் வீட்டுக்காரர் பார்த்தார், மண்ணைத் தள்ளினார். அன்று காலையிலேயே அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். அடுத்த கப்பலில் அவர் ஊருக்குப் போனார். நான் ஏறவில்லை.

பெட்டியை மூடப்போகும்போது துண்டு ஒன்று குறைவது தெரிந்துவிட்டது. கிளம்ப வேண்டிய லாரி நின்றது. நாங்கள் குடியிருந்த லயத்தில் வீடு வீடாய்ப் புகுந்து, பானை சட்டி எல்லாம் கவிழ்த்துத் தேடினார்கள். கடுகு போன இடம் ஆராய்வார்கள், பூசணிக்காய் போன இடம் தெரியாது. கடைசியில் கங்காணியின் மூளைக்கு எட்டிற்று. மண்வெட்டியோடு ரெண்டு ஆளைக் கூட்டிக்கொண்டு புதைகாட்டுக்கு வந்தார். நான் பிள்ளையைப் புதைத்த மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"எந்திரி. தொர சாமான் உள்ள இருக்கு."

"தோண்டுங்க. மேல நான் இருக்கேன். என்னையும் சேத்துத் தோண்டுங்க."

"தோண்டத் தெரியாதுன்னு நெனச்சியா?"

மண்வெட்டியை ஓங்கியும்விட்டார். அதற்குள் சிங்கப்பூர் துரையும் டிரெசரும் வந்துவிட்டார்கள். துரை ஈர மண்ணைப் பார்த்தார், அதன் சின்ன அளவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்; மண்ணைப் பார்த்துப் புரிந்துகொள்வதுதானே அவர் தொழில். தொப்பியைக் கழற்றினார். கங்காணியைத் தள்ளி நிற்கச் சொன்னார். பிறகு மெதுவாக, ரொம்ப மரியாதையாக ஏதோ சொன்னார்.

"அத அங்கயே விட்ருங்கன்னு சொல்றாரு," என்றார் டிரெசர்.  "ரொம்ப காலம் கழிச்சு எவனாச்சும் இங்க தோண்டுவானாம். அப்ப, இங்க ஒரு தாய் இருந்தா, புள்ள மேல உசிரா இருந்தான்னு தெரிஞ்சுக்குவாங்களாம்."

நான் அண்ணாந்து அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன்.

"அப்பத் தெரிஞ்சு என்னய்யா? நேத்து லாரியில எடம் இருந்துச்சே. அத அவருகிட்டச் சொல்லுங்க."

 துரை டிரெசரிடம் என்னமோ கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று கேட்டிருப்பார். டிரெசர் ஒரே வார்த்தையில் பதில் சொன்னார். 'தேங்க்யூ' என்றார். எனக்குத் தெரிந்திருந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அது.

துரை எனக்குத் தலை குனிந்து வணங்கிவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. என் பிள்ளைக்கு நாளைக்கு என்று சொன்ன இடமும், அந்தத் துண்டுக்கு ஒதுக்கி வைத்திருந்த இடமும், ரெண்டும் அதில் காலியாகவே போயின.